தெர்மாகோல் கேக்

...வெளிர் பச்சைக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சள் வரக் கூடாது என்று காலையிலேயே தொண்டை கிழியக் கத்தியாயிற்று, இப்போது பார்த்தால் பலூன் வளைவு முழுக்க அதேதான், சொன்னதைச் செய்தால் கிரீடம் இறங்கிவிடுமோ இவன்களுக்கு... கமாண்டர் நாற்காலி மேல் ஏறித் தானே அந்த மஞ்சள் பலூனைப் பிடுங்கி எறிந்தாள். கமாண்டர் என்பது வேலையாட்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், அவளுக்கும் தெரியும், தெரிந்தேதான் விட்டுவைத்திருந்தாள், அந்தப் பயமாவது இருக்கட்டும் என்று. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளை நடத்திக் கொடுப்பது தொழில், அந்த வீட்டுக்காரர்களை மனசுக்குள் திட்டித் தீர்ப்பது பொழுதுபோக்கு. எல்லா அம்மாக்களுக்கும் ஒரே வாய், சிம்பிளா இருக்கணும் ஆனா கிராண்டா தெரியணும், வித்தியாசமா இருக்கணும், இப்படிச் சொல்லிவிட்டு மாடி வீட்டுக்காரி போன மாதம் செய்ததையே போனில் காட்டுவார்கள், இதே மாதிரி, ஆனா இதைவிடப் பெரிசா. அப்பாக்கள் இன்னும் மோசம், ஓரமாக நின்று போனைத் தடவுவதற்கு எதற்குப் புதுச் சட்டை? இந்த வீட்டில் அந்தத் தொல்லையும் இல்லை, அப்பா கப்பலில் இஞ்சினியர், எங்கோ நடுக்கடலில் இருக்கிறார், வர வேண்டியவருக்கு வேலையை நீட்டித்துவிட்டார்களாம்.

இந்த வீட்டு அம்மா முதல் நாள் வந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான், பாப்பா சிரிக்கணும், அதை அவ அப்பா பாக்கணும், மத்ததெல்லாம் உங்க இஷ்டம். அடேயப்பா, எவ்வளவு சின்ன ஆசை என்று உதட்டைச் சுழித்துக்கொண்டுதான் கமாண்டர் அதை ஒப்புக்கொண்டாள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த அந்த நொடியில் சுவரில் பெரிய திரை ஒளிர வேண்டும், அதில் அப்பாவின் முகம், மகள் சிரிக்க வேண்டும், சபை கைதட்ட வேண்டும், அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் இணைப்பு எப்போது வரும் எப்போது போகும் என்று அந்தக் கடலுக்கே தெரியாது, அதனால் ஒரே ஒரு தடவைதான், தப்பினால் தப்பியதுதான். அப்பா போன்லதான் வருவார்னு அவகிட்ட சொல்லிடட்டுமா என்று அந்தம்மா கேட்டபோது கமாண்டர்தான் தடுத்தாள். சொன்னா சர்ப்ரைஸ் செத்துடும்மா, அப்பா வருவார்னு மட்டும் சொல்லுங்க, திரையில வர்றதும் வர்றதுதானே, பொய்யும் இல்ல. அந்தம்மா அரை மனசாகத் தலையாட்டினாள், காசு கொடுக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் வாயை மூடிக்கொள்வார்கள், அதுவும் ஒரு வேடிக்கை.

விருந்தாளிகள் வருவதற்கு முன்பே படமெல்லாம் எடுத்து முடித்துவிட வேண்டும், அது அவள் வைத்திருக்கும் முறை. வந்த பிறகு எந்தப் பிள்ளை முகம் பிள்ளை முகமாக இருக்கிறது, சட்டையில் கிரீம், மூக்கில் சளி, கண்ணில் தூக்கம், எவனாவது ஒரு மாமா குறுக்கே தலையை நீட்டுவான். அதனால் நிஜ கேக் குளிர்பெட்டியிலேயே இருக்கும், மேசையில் தெர்மாகோல் கேக், மேலே பூசிய கிரீம் மட்டும் நிஜம், மெழுகுவர்த்தி நிஜம். ஐந்து வயசுப் பாப்பாவை அதன் முன் நிறுத்தி, கண்ணை மூடி மனசுக்குள்ள ஒண்ணு வேண்டிக்கோ கண்ணு, வேண்டிட்டு ஊதினா அது நடக்கும் என்றாள். நடக்கவாவது நடக்காமலாவது, இமை மூடியிருந்தால் படம் நன்றாக வரும், அவ்வளவுதான். பாப்பா வேண்டிக்கொண்டாள், ஊதினாள், ஊதின கையோடு கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ திரும்பிக்கொண்டாள். இன்னொரு தடவை. மறுபடி அதே கதை. கேமரா பிடித்திருந்தவன் கமாண்டரின் தம்பி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன், அவனே சொன்னான்.

"அக்கா, பாப்பா ஊதிட்டு ஊதிட்டு கதவையே பாக்குது."

"பாக்கட்டும். நீ லென்ஸைப் பாரு."

மெழுகுவர்த்தியை மறுபடி பற்ற வைத்தாள், இன்னொரு தடவை கண்ணு, இன்னொரு தடவை... ஆச்சரியம் என்னவென்றால் குழந்தை ஒரு தடவைகூடச் சிணுங்கவில்லை, ஆசையாக ஓடி வந்து நின்றது, இறுக்கி இறுக்கிக் கண்ணை மூடியது. மற்றப் பிள்ளைகள் இதற்குள் தரையில் புரண்டிருக்கும். கேமராப் பைத்தியம், இந்த வயசிலேயே, அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது என்று கமாண்டர் நினைத்துக்கொண்டாள்.

பிறகு வந்து சேர்ந்தது கூட்டம், வாசனைத் திரவியத்தில் குளித்துவிட்டு, பளபளக் காகிதம் சுற்றிய பெட்டிகளோடு. எங்க வீட்டு விசேஷத்துல இதைவிட நல்லா பண்ணினாங்க என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள், அதைப் பண்ணினவளே இங்கே நிற்கிறேன் அம்மா, அன்றைக்கும் நீ இதையேதான் சொன்னாய். பிள்ளைகள் காலடியில் ஓடின, ஒன்று பலூனைக் கடித்தது, யார் பெற்றதோ. கமாண்டருக்கு இதெல்லாம் பழக்கம்தான், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் புதுசாக எரிச்சல் வருவதை என்ன சொல்வது, இத்தனை வெறுப்போடு இந்தத் தொழிலை யார் செய்யச் சொன்னார்கள்... சரி, அது இப்போது எதற்கு. தம்பி தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினான், கப்பலோடு இணைப்பு கிடைத்துவிட்டது. நிஜ கேக் மேசைக்கு வந்தது. விளக்குகள் அணைந்தன. படத்தில் விழாமல் குழந்தைக்குச் சைகை காட்ட அவள் எப்போதும்போல மேசைக்குப் பின்னால் குந்திக்கொண்டாள், கையில் லைட்டர். வாசல் கதவுக்கு வெளியே பரிமாறும் ஆட்கள் தட்டு வண்டியோடு நின்றார்கள், மெழுகுவர்த்தி அணைந்ததும் கதவைத் திறக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு, ஒரு நொடிகூட வீணாகக் கூடாது. எல்லோரும் பாடி முடித்தார்கள். பாப்பா ஊதவில்லை.

ஊது என்று வாயைக் குவித்துக் காட்டினாள். ஊதவில்லை. சபையில் ஒரு சலசலப்பு, அம்மாவின் முகத்தில் கெஞ்சல், தம்பியின் கட்டை விரல் அவசர அவசரமாக ஆடியது. எந்தப் பிள்ளையும் இவளிடம் இப்படி மானத்தை வாங்கியதில்லை, கொழுப்பு, கேட்டதெல்லாம் கிடைத்த கொழுப்பு என்று பல்லைக் கடித்தபோது குழந்தை மேசை ஓரமாகக் குனிந்து அவள் காதருகே வந்தது.

"ஆன்ட்டி, இது நிஜக் கேக்கா?"

"நிஜம்தான். ஊது."

"அப்ப ஊதினது பொய்க் கேக்கு. நான் விரலால குத்திப் பாத்தேன். அதனாலதான் அப்பா வரலையா?"

அப்படியானால் அத்தனை தடவையும்... ஊதிவிட்டு, ஊதிவிட்டு, கதவை... கமாண்டர் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தாள். சொல்லிவிடலாமா, அப்பா வரமாட்டார் கண்ணு, திரையில் தெரிவார், பேசுவார், அவ்வளவுதான் என்று, அதற்கு இப்போது நேரம் இருக்கிறதா, கப்பல் போய்விட்டால் அந்தம்மா கேட்ட ஒன்றே ஒன்றும் போய்விடும், சொன்னால் இது அழும், சொல்லாவிட்டால்... என்ன செய்ய வேண்டும் என்று யாராவது தனக்குச் சைகை காட்டினால் தேவலை என்று இருந்தது. மெழுகு உருகிக் கேக்கின் மேல் வழிந்துகொண்டிருந்தது. இது நிஜம்தாம்மா, ஊது என்றது அவள் வாய்தான்.

பாப்பா கண்ணை மூடினாள், பகலில் மூடியதைவிட நேரம் எடுத்துக்கொண்டாள், ஊதினாள். இருட்டு. திரை ஒளிர்ந்தது, என் தங்கமே என்று ஓர் ஆண் குரல் கூடம் முழுக்கக் கேட்டது, எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அதே நேரம் எதிர்ப்பக்கம் வாசல் கதவு திறந்தது, வெளி வெளிச்சம் உள்ளே விழுந்தது. பாப்பா கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிரித்தாள், நாளெல்லாம் அந்தக் கேமரா காத்துக் கிடந்த சிரிப்பு, கமாண்டர் எத்தனையோ பிறந்தநாள் பார்த்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கதவு வழியாகத் தட்டு வண்டி வந்தது.

கைதட்டல் ஓயவில்லை. சிரிச்சுட்டா, என் பொண்ணு சிரிச்சுட்டா என்று திரையில் அந்த மனிதர் தழுதழுத்தார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கிடைச்சுடுச்சுக்கா என்று தம்பி தலையை ஆட்டினான். அத்தனை பேரும் பார்த்தது ஒரே சிரிப்பு, அது யாருக்கு என்று மேசைக்குப் பின்னால் குந்தியிருந்தவளுக்கு மட்டும் தெரிந்தது. வண்டிக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று குழந்தை எட்டிப் பார்த்தது. கதவைச் சாத்தினார்கள். அது அழவில்லை, அழுதிருந்தால் சாக்லேட்டை நீட்டிச் சமாளித்திருக்கலாம், திரையைத் திரும்பிப் பார்த்து ஒரு கையை மட்டும் மெல்ல ஆட்டியது, பிறகு மறுபடியும் குனிந்தது.

"ஆன்ட்டி, இன்னொரு தடவை ஊதட்டுமா?"

லைட்டர் அவள் கையில்தான் இருந்தது.