நோன்பு நாளில் மூன்று அளவு

பூமிநாதனுக்கு அந்த வருஷம் இரண்டே கவலை. ஒன்று பரீட்சை. மற்றது, பரீட்சையில் மறுபடியும் தோற்றால் என்ன ஆவது என்பது.

பாம்பன் ரயிலடிக்கு எதிரே ஹமீது சுல்தானின் மருந்துக்கடை. அங்கே வெகு காலமாக அவன்தான் கம்பவுண்டர். டாக்டர் தைரியநாதன் சீட்டு எழுதினால் இவன் கலந்து கொடுப்பான். அதில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் சர்க்கார் புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. மருந்து கலக்கிறவன் இனிமேல் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். தேறாதவன் கலக்கக் கூடாது. பழைய ஆட்களுக்குக் கொடுத்த தவணையும் முடியப்போகிறது. போன தடவை பூமிநாதன் லத்தீன் பெயர்களை எல்லாம் தண்ணீராக ஒப்பித்துவிட்டு, தொழில் ஒழுக்கம் என்ற தாளில் விழுந்தான்.

"ஒழுக்கத்துல ஃபெயிலுன்னு வெளியில சொல்லிராதேயும் பூமி. பொண்ணு குடுத்த மாமனாரு ஆர்.எஸ். மங்கலத்துலேர்ந்து அருவாளோட வந்துருவாரு" என்றார் ஹமீது சுல்தான்.

பூமிநாதன் சிரித்தான். ஆனால் மனைவி செவ்வந்தியும் இரண்டு பெண்குழந்தைகளும் அந்தக் கடைச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

நோன்புப் பிறை தெரிந்த மறுநாள், வெயில் ஏறும் முன்பே காலிதா வந்தாள். கழுவிக் காயவைத்த பாட்டிலை மேசைமேல் வைத்தாள். தேவிபட்டினத்துப் பெண். மஹ்மூதைக் கட்டிக்கொண்டு பாம்பனுக்கு வந்தவள். மஹ்மூது கொழும்பில் கடையில் இருந்தான். இங்கே மாமியார் ரம்ஜான் பீவியும் இவளும்தான். மாமிக்கு மூச்சு இழுப்பு. டாக்டர் எழுதிய மிக்ஸ்சரைக் காலை, மதியம், இரவு என்று வேளைக்கு ஓர் அளவாகக் குடித்ததில் மூச்சுத் திணறல் நன்றாகவே தணிந்திருந்தது.

அந்த மிக்ஸ்சரில் ஊமத்தை இலையிலிருந்து எடுத்த டிஞ்சர் உண்டு. அளவோடு போனால் நெஞ்சைத் திறக்கும். அளவு மீறினால் புத்தியைக் கலக்கும். மிக்ஸ்சரில் அது இருப்பது டாக்டருக்குத் தெரியும், பூமிநாதனுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

மருந்தை ஊற்றி, காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, ஒரு வேளை அளவுக்கு ஒன்றாக ஓரத்தில் வெட்டுக் கொடுத்துப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டினான். அப்போதும் கண் பரீட்சைப் புத்தகத்தில்தான் இருந்தது. விஷ மருந்துகளின் பட்டியல் பாதி மனப்பாடம் ஆகியிருந்தது. விட்டால் மறந்துபோகும்.

"அண்ணே, நோம்பு வந்துருச்சு. மாமி பகல்ல பச்சத்தண்ணி தொட மாட்டாக. சீக்காளிக்குச் சலுகை உண்டுன்னு பள்ளிவாசல் ஆலிம்சாவே சொல்லியும் கேக்கல. மருந்தை எப்படிக் குடுக்க?"

"ஒரு நாளைக்கு மூணு அளவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

காலிதா போகாமல் நின்றாள். "மூணும் உள்ள போயிரணும். அப்படித்தானே?"

"ஆமாம்மா, ஆமா" என்று அவன் பக்கத்தைத் திருப்பினான்.

நோன்பு திறந்ததும் ஒன்று, ராத்தொழுகை முடிந்து ஒன்று, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ஒன்று. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாட்டிலுக்குத் தக்கை போடுகிற நேரம்கூட ஆகாது. அவன் சொல்லவில்லை.

அன்று மாலை நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு, மூன்று அளவையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றி மாமியிடம் கொடுத்தாள் காலிதா. கொஞ்ச நேரத்தில் ரம்ஜான் பீவிக்கு முகம் செக்கச்செவேலென்று ஆயிற்று. நாக்கு உலர்ந்து பேச்சு குழறியது. இறந்துபோன புருஷனைப் பேர் சொல்லாமல் "இந்தாங்க, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். சிக்கலான வலையைப் பிரிக்கிறவள்போல வெறுங்காற்றில் நூல் நூலாக இழுத்தாள். எதிர்வீட்டு உம்மு ஹபீபா அவள் கண்ணைப் பார்த்தாள். கருமணி கண் முழுக்க விரிந்து கிடந்தது.

"இது ஊமத்தங்காய் வேலைதானே?" என்றாள் உம்மு ஹபீபா.

ரயிலில் ஏற்றி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் டாக்டர் பார்த்துவிட்டு ஊமத்தை விஷம் மாதிரிதான் இருக்கிறது என்றார். ரம்ஜான் பீவி பிழைத்துக்கொண்டாள். ஆனால் பிழைத்து எழுந்தவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு எதைக் கலந்து குடுத்தா அவ?" என்பதுதான். நோன்புக்குத் தாய்வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று காலிதா கேட்டு, மாமி மறுத்து, இரண்டு பேருக்கும் அந்த வாரம்தான் வாய்ச்சண்டை நடந்திருந்தது. அக்கம்பக்கம் அதை மறக்கவில்லை.

ரம்ஜான் பீவியின் தம்பி சீனி முகம்மது கடைக்கு வந்தார். சொந்தத் தோணி வைத்திருப்பவர், நிதானமான மனிதர்.

"கம்பவுண்டரே, அந்தப் புள்ள மருந்தை மூணு அளவு ஒண்ணாக் குடுத்தேங்குது. நீர் சொன்னதாச் சொல்லுது. சொன்னீரா?"

பூமிநாதன் பரீட்சைப் புத்தகத்தை மூடி வைத்தான். டாக்டர் தன் தாயாரின் வைத்தியத்துக்காக வேலூருக்குப் போயிருந்தார். இன்னும் சில நாளில் சென்னையில் பரீட்சை. ஒரு புகார் போனால் போதும், பரீட்சை மண்டபத்து வாசலைக்கூட மிதிக்க விடமாட்டார்கள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான்.

"ஒரு நாளைக்கு மூணு அளவுன்னு சொன்னேன் பாய்."

"ஒண்ணாக் குடுன்னு சொல்லலியே?"

"சொல்லல."

"மருந்துல ஊமத்தை கீமத்தை உண்டா?"

"டாக்டர் சீட்டுப்படிதான் கலந்தேன். ஒரு சொட்டு கூட்டல."

ஒன்றுகூடப் பொய் இல்லை. சீனி முகம்மது தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கல்லாவில் இருந்த ஹமீது சுல்தான் இவன் முகத்தைப் பார்க்காமல் விசிறியை எடுத்து வீசிக்கொண்டார்.

மறுநாள் காலிதா வந்தாள். கையில் துணி மூட்டை; மாமி அவளை வீட்டில் இருக்கவிடவில்லை. தேவிபட்டினத்திலிருந்து அவள் வாப்பா வந்து ரயிலடியில் காத்திருந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னதை மட்டும் சீனி மாமாகிட்டச் சொல்லியிருக்கீக. நான் கேட்டதையும் சேத்துச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

பூமிநாதன் மேசையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"சென்னைக்குப் போயிட்டு வந்துர்றேம்மா. பரீட்சை முடியட்டும். வந்ததும் நானே அவுக வீட்டுக்குப் போயிச் சொல்றேன்."

"சரிண்ணே, வாரேன்" என்றாள். அவளை நம்பவைத்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சென்னையில் எழுத்துப் பரீட்சை சுலபமாக இருந்தது. வாய்ப் பரீட்சையில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் கேட்டார்: "மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளி கேட்டால் உன் கடமை என்ன?"

பூமிநாதன் மளமளவென்று சொன்னான். வேளையைச் சொல்ல வேண்டும். நோயாளியின் வேலை, சாப்பாடு, பழக்கவழக்கத்தைக் கேட்டறிய வேண்டும். சொன்னது புரிந்ததா என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

"அனுபவஸ்தன் பதில்" என்று பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பூமிநாதன் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினான், வெகு நேரம்.

ஊருக்கு வந்தவன் உடனே சீனி முகம்மது வீட்டுக்குப் போகவில்லை. முடிவு வரட்டும் என்று இருந்தான். நோன்புப் பெருநாளும் போயிற்று. தேறிவிட்டான் என்று தபால் வந்த அன்றுதான் டாக்டர் தைரியநாதனும் வேலூரிலிருந்து திரும்பினார். அவரிடம் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

டாக்டர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"நோம்புக் கணக்கைச் சீட்டுல நான் எழுதியிருக்கணும். முதல் தப்பு என்னுது. ஏய்யா, எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தா நானே சீனி முகம்மதுக்கு எழுதியிருப்பேனே?"

"பரீட்சை எழுத விடமாட்டாங்கன்னு..."

"யாரு? இதுக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்? உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டாங்க."

அதைக் கேட்டபின் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. இல்லாத பூட்டுக்குப் பயந்து திறந்த கதவுக்கு வெளியே நின்றிருக்கிறான். அவன் நின்ற நேரத்துக்கு வேறொருத்தி விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சீனி முகம்மது தோணித்துறையில் இருந்தார். அவரிடம் அவள் கேட்டதையும் தான் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். மருந்தில் ஊமத்தை உண்டு என்பதையும் சொன்னான். அவர் கோபப்படவில்லை.

"மஹ்மூது கொழும்புலேர்ந்து தலாக் எழுதி அனுப்பிட்டான் கம்பவுண்டரே. சிக்கல் ஊர்ல அவனுக்கு வேற பொண்ணு பேசி முடிச்சாச்சு. அன்னைக்கு நான் வந்து கேட்டேனே."

அவ்வளவுதான். அவர் கயிற்றைச் சுற்றிக் கட்டப் போய்விட்டார்.

மறுநாள் தேவிபட்டினத்துக்குப் போனான் பூமிநாதன். காலிதாவின் வாப்பா அவனை உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"பாஸாயிட்டீகளாண்ணே?"

"ஆயிட்டேம்மா."

"நல்லதுண்ணே."

"உங்க மாமாகிட்டச் சொல்லிட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். எல்லாம் என்னாலதாம்மா. நீ கேட்டே, நான் புத்தகத்தைப் பாத்துக்கிட்டு..."

உள்ளே ஏதோ பாத்திரம் நகரும் ஓசை. அதற்குப் பிறகு அவள் சொன்னாள்:

"நீங்க படிச்சுக்கிட்டிருந்தீக, எனக்குத் தெரிஞ்சுச்சு. இன்னொரு தரம் கேட்டா வைவீகளோன்னு வந்துட்டேன். கேட்டிருக்கணும். மாமிக்கு என் கையாலதானே குடுத்தேன்."

அவன் என்னென்னவோ சொல்ல வந்தான். அவள் தப்பு இல்லை என்பதை அவள் காதில் ஏற்றுவதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சியம் அவன் வாய்தான். அந்த வாய் பேச வேண்டிய நாளில் பேசாததை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது என்ன சொன்னாலும் அவள் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

"மாமிக்கு இப்ப இழுப்பு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள் காலிதா.

"தேவலம்மா" என்றான் பூமிநாதன்.