பன்னிரண்டு மணி வரைக்கும்

"சித்தப்பா, அதுல கை வெக்காதீங்க!"

மகள் படியிலிருந்து போட்ட சத்தத்தில் சித்தப்பாவின் கை டிராக்டரின் லீவரை விட்டு விலகியது. முற்றத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, உங்கப்பாவ ஏத்திட்டுப் போக வண்டி உள்ள வரணும்ல? இந்த டிராக்டர் வழிய அடைச்சுக்கிட்டு நிக்குது. மூட்டைய இறக்கிட்டு ஓரமா தள்ளிரலாம்."

"பன்னெண்டு மணி வரைக்கும் இறக்கக் கூடாது."

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே! இதென்ன பிடிவாதம்?"

அவர் லீவரை விட்டுத் தள்ளி வரும்வரை நின்று பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

தோட்ட வேலைக்கான சின்ன டிராக்டர் அது. சதுரக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து, பழைய லாரியில் கழற்றிய, எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பொருத்தி, அதன் பின்னால் ஒரு தூக்கும் கையை அப்பா எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தார். அதன் கொக்கியில் நேற்று மதியத்திலிருந்து இரண்டு சிமெண்ட் மூட்டைகள் தொங்குகின்றன.

எல்லாம் அம்மாவுக்காக. வீட்டுக்குப் பதினொரு படி. நடக்க முடியாத அம்மாவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி இறக்கியபோது, மூன்றாவது படியில் ஒருவருக்குக் கால் வழுக்கி, அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆள் கையை நம்பி இனி இறங்குவதில்லை என்று அன்றைக்குச் சொன்னவள்தான். இரண்டு வருடமாகத் தோட்டத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறாள்.

அப்பா இதைத் தொடங்கியபோது குறுக்கே நின்றது மகள். "அம்மா என்ன சிமெண்ட் மூட்டையா, கொக்கியில மாட்டி இறக்குறதுக்கு?"

"சரி, மொதல்ல மூட்டையவே மாட்டுறேன். உங்கம்மாவ மாதிரி ரெண்டு மடங்கு எடை. எவ்வளவு நேரம் இறங்காம நின்னா ஒத்துக்குவே?"

"ஒரு முழு நாள்."

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் அப்பா இப்போது உயிரோடு இருந்திருப்பாரோ? காலையிலிருந்து அவளை அரிப்பது இந்த ஒன்றுதான்.

ஐந்து முறை தோற்றார். சிலிண்டருக்குள் எண்ணெய் கசிந்து, மூட்டை கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவிடும். கசிவை அடைக்கும் ரப்பர் சீலை மாற்றுவார், திரும்பவும் மாட்டுவார். மூட்டையின் அடிமட்டத்துக்குச் சுவரில் கோடு போட்டு, இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து வந்து, மணியையும், அதற்கு எதிரே எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதையும் பென்சிலால் எழுதுவார். இந்த முறை வரிசையாக எல்லாம் பூஜ்யம். கடைசியாக, இன்று காலை, '6' என்று எழுதியிருந்தது. எதிரே ஒன்றும் இல்லை. அங்கேதான் விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

உள்ளே அப்பாவின் மூடாத சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தாள்.

"நானும் கீழ வரேன்," என்றாள்.

"நாங்க பத்திரமா தூக்கிட்டுப் போறோம், அண்ணி," என்றார் உள்ளே வந்த சித்தப்பா.

"யாரும் தூக்க வேண்டாம். அதுல இறக்குங்க." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

அப்பாவின் வெல்டர் நண்பர், எல்லோருக்கும் 'ஸ்பார்க்', மகளைப் பார்த்தார். "நீதான் சொல்லணும், பாப்பா." நாற்பது வயதுக்காரியை அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிடுவார்.

"பன்னெண்டு ஆகட்டும், மாமா."

பன்னிரண்டுக்கு அவள் சுவரோரம் குனிந்து பார்த்தாள். கோட்டிலேயே நின்றது மூட்டை. '12' என்று எழுதி, எதிரே பூஜ்யம் போட்டாள். ஆறுக்கு எதிரே இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

முதலில் பெட்டியை இறக்கி முற்றத்தில் பெஞ்சின் மேல் வைத்தார்கள். ஸ்பார்க் மூட்டைகளைக் கழற்றிவிட்டு டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டிப் படியோரம் நிறுத்தினார். நாலு மூலையிலும் பட்டை கட்டிய நாற்காலியை அப்பா முன்பே செய்து வைத்திருந்தார். அம்மாவை அதில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டினார்கள். நாற்காலி படியை விட்டு எழும்பியபோது அம்மா கண்ணை மூடவில்லை. டிராக்டர் மெல்ல முன்னால் நகர்ந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது.

"லீவர நீயே பிடி. ரொம்ப மெதுவா விடணும்," என்றார் ஸ்பார்க்.

மகள் பிடித்தாள். நாற்காலி ஆடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பெட்டிக்குள் அப்பாவின் முகம் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும் உயரத்தில் நிறுத்தினாள். அங்கேயே நின்றது அது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா, "ம்," என்றாள். மகள் மீதியையும் இறக்கினாள்.

அம்மாவின் பாதங்கள் மண்ணில் பட்டன. செருப்பைத் தேட ஒருத்தி உள்ளே ஓடினாள். இரண்டு வருடமாக அம்மாவுக்கு அந்த வீட்டில் செருப்பே இல்லை. மதிய வெயிலில் மண் சுட்டது. அம்மா காலை எடுக்கவில்லை.