எத்தனை பேர் போதும்

"எத்தனை பேருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க மேடம்" என்று மேனேஜர் சொன்னபோது, மேலே கான்கிரீட் ஊற்றும் அதிர்வில் தகரக் கொட்டகை முழுக்கக் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. தீயணைப்புப் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து ஆட்கள் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டட சைட்டில் வேலை செய்கிறவர்களில் எத்தனை பேரை அதற்கு அனுப்புவது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அவள் அங்கே பாதுகாப்பு அதிகாரி. எல்லோருக்கும் சேஃப்டி மேடம்.

"இத்தனைன்னு ஒரு கணக்கு கிடையாது சார். எங்கெங்க ஆபத்து இருக்குன்னு பார்த்துதான் சொல்லணும்."

"பாருங்க. நல்லாப் பாருங்க. பார்த்துட்டுப் பத்துன்னு சொல்லுங்க. எல்லாரையும் அனுப்பிட்டு நீங்களும் நானுமா கம்பி கட்டுறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் படியேறத் தொடங்கியதும் அது போன இடம் தெரியவில்லை. தினமும் ஏறி இறங்குகிற படிதான். அன்றைக்கு மட்டும் பார்க்கிறதெல்லாம் பற்றிக்கொள்ளக் காத்திருப்பதுபோல் இருந்தது. சாரப் பலகைகள், மூடி சரியாக அமுக்காத பெயிண்ட் தின்னர் டப்பாக்கள், சுவருக்குள் வைக்கிற நுரை அட்டைகள் கூரை வரைக்கும். இறங்குவதற்கு இந்த ஒரே படி. அதிலும் பாதியை சிமெண்ட் மூட்டைகள் அடைத்திருந்தன.

எட்டாவது மாடியில் அவள் தம்பி வெல்டிங் செய்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகக்கவசத்தைத் தூக்கி, "வணக்கம் சேஃப்டி மேடம்" என்றான். பக்கத்தில் ஆளில்லை என்று தெரிந்ததும் குரல் மாறியது. "ட்ரெயினிங்குக்கு ஆள் எடுக்கிறியாமே? என் பேரையும் போட்டுடுக்கா. நெருப்போட குடும்பம் நடத்துறவன் நான்தானே?"

"குடும்பம் நடத்த வீட்ல ஒருத்தி இருக்கா. அதைப் பாரு" என்றாள் அவள்.

அவன் மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். அம்மா போனில் பேசும்போதெல்லாம், "உன்னை நம்பித்தான் விட்டிருக்கேன்" என்று முடிப்பாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினாள். ஒரு பயம் அவளைப் பின்னாலேயே தொடர்ந்து வந்தது. பயிற்சி எடுத்தவன் என்ன செய்வான்? எல்லோரும் ஓடும்போது அவன் நிற்பான். கையில் சிவப்புத் தீயணைப்பு உருளையோடு நெருப்பைப் பார்த்து நடப்பான். யாரை அனுப்புவது என்பது, யாரை நிற்க வைப்பது என்பதும்தான்.

சாயங்காலம் அவள் பத்து என்றே சொன்னாள். கேட் வாட்ச்மேன், ஸ்டோர்க்காரர், ஆபீஸ் ஆட்கள், லாரிப் பக்கம் நிற்கிறவர்கள். எல்லோரும் மேலே ஏறாமல் தரைத்தளத்திலேயே வேலை செய்கிறவர்கள். மேனேஜர் மகிழ்ந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார். அவள் அதைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். தம்பியிடம், "உங்க வேலையை நிறுத்த முடியாதுன்னுட்டாங்கடா" என்றாள். அவனும் நம்பிவிட்டான்.

பயிற்சி முடிந்து சில வாரங்கள் போயிருக்கும். நடுப்பகலில் மேலே யாரோ கத்தினார்கள். அவள் கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து கரும்புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. வெல்டிங் பொறி, குழாய்க்காக விட்ட ஓட்டை வழியாக விழுந்து, கீழ்மாடியில் இருந்த நுரை அட்டையைப் பிடித்துவிட்டது.

அவள் ஏறினாள். எதிரே ஆட்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொருவர் தோளையும் பிடித்து, "என் தம்பி எங்க? வெல்டர் எங்க?" என்று கேட்டாள். ஒருவன் மட்டும் இருமிக்கொண்டே மேலே கை காட்டினான். அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

ஏழாவது மாடிக்கு இறங்கி வந்திருந்த அவன் நெருப்புக்கு அந்தப் பக்கம் இருந்தான். படிக்கும் அவனுக்கும் நடுவில் நெருப்பு. பின்னால் சுவரோடு ஒண்டிக்கொண்டு வயதான பெயிண்டர். தம்பி சிவப்பு உருளையை மார்போடு அணைத்து, பிடியை அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை; பிடியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பின் அப்படியே இருந்தது.

"பின்னைப் பிடுங்குடா! பின்னு! பின்னு!"

அவனுக்குக் கேட்கவில்லை. படியோரத்தில் இருந்த இன்னொன்றை அவள் தூக்கினாள். பின்னை உருவி, நெருப்பின் அடியைப் பார்த்து அடித்தாள். வெள்ளைப் பொடி பறந்தது. ஒரு பக்கமாகத் தீ படுத்தது. அந்த இடுக்கு வழியாகத் தம்பி பெயிண்டரை முன்னே தள்ளிக்கொண்டு வந்து விழுந்தான். அதற்குப் பிறகுதான் தரையிலிருந்து ஸ்டோர்க்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார், இரண்டு கைகளிலும் இரண்டு உருளைகளோடு.

முதலுதவி அறையில் அவன் கையில் முழங்கை வரை கொப்புளம். அவள் அடிக்காத குறையாகக் கேட்டாள். "எல்லாரும் ஓடுனாங்கல்ல? நீயும் ஓட வேண்டியதுதானேடா?"

"அந்த மனுஷன் உள்ள இருந்தாருக்கா. எப்படி ஓடுறது?" கொஞ்ச நேரம் கையை ஊதிக்கொண்டிருந்துவிட்டு, "அதுல பின்னுன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது" என்றான்.

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிக் கொடுக்காவிட்டால் ஓடிவிடுவான் என்று நினைத்திருந்தாள். கூடப் பிறந்தவனைப் பற்றி இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மேனேஜர் கரி படிந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி கேட்டார். "இப்ப எத்தனை பேர் மேடம்?"

"எல்லாரும் சார். ஒருத்தர் பாக்கி இல்லாம."

அவர் மறுபடியும் கம்பி கட்டும் கதையை எடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

குழு குழுவாகப் பயிற்சி நடந்தது. மைதானத்தில் ஓர் இரும்புத் தட்டில் டீசலை ஊற்றிப் பற்ற வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் கேலியும் கிண்டலுமாக இருந்தார்கள். நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்ததும் பேச்சு அடங்கியது. வெல்டர்களின் முறை வந்தது. ஆறிக்கொண்டிருந்த கையோடு தம்பி முன்னே வந்தான். பின்னை உருவினான். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடி குனிந்து ஒவ்வோர் அடியாக நெருங்கினான். "இன்னும் கிட்டப் போங்க, இன்னும் கிட்ட" என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சட்டென்று காற்று திரும்பியது. புகை அவன் பக்கம் சாய்ந்தது. அவள் தன்னையறியாமல் ஓரடி எடுத்து வைத்தாள். கரும்புகைக்குள் அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. அது பின்வாங்கவில்லை, தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து, முன்னே போய்க்கொண்டிருந்தது.