நேரம் போடாத பட்டியல்

1988இல் அதியமான்கோட்டை தாண்டி ஒரு மரவள்ளி மாவு ஆலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்லரில் அழுத்தம் கூடினால் மணியடிக்கும் புரோகிராமை எழுதியவன் நான்தான். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், நீராவிக் குழாய் வெடித்தது. பாய்லர் பார்த்த பச்சியப்பன் இறந்துபோனார். மணிச்சத்தம் பாய்லர் அறைக்குள் மட்டும்தான் கேட்கும், அங்கே இருந்ததோ அவர் ஒருவர்தான். மணி அடித்தும் தூங்கிவிட்டார் என்று முடிவுகட்டினார்கள்.

எந்தெந்தப் புரோகிராம் ஓடுகிறது என்று பார்க்க ஒரு கட்டளை வைத்திருந்தேன். ஏதாவது நின்றாலோ தொடங்கினாலோ பிரிண்டரில் புதுப் பட்டியல் வரும். அன்றைய காகிதத்தில் மணி புரோகிராம் நின்றுபோயிருந்தது. வெடிப்பதற்கு முன்பா, பின்பா? பட்டியலில் நேரம் இல்லை. "வெடிச்சதுல ஒயர் அறுந்து நின்னிருக்கும்" என்று மேலாளரிடம் சொன்னவனும் நான்தான்.

பச்சியப்பனின் மனைவி தீர்த்தம்மாள் தினமும் ஆலை கேட்டில் வந்து நின்றார்.

"அவரு வேலையில தூங்கறவரு இல்லீங்க சார். உங்க மிசின்ல பாத்துச் சொல்லுங்க."

அவர் வாயை அடைக்கத்தான் அந்தக் கட்டளையில் நேரம் காட்டும் வசதியைச் சேர்த்தேன். இரண்டு நாள் வேலை. அதை முன்பே செய்யாத சோம்பேறி நான்.

அடுத்த வெள்ளி, 12.50க்கு மணி புரோகிராம் நின்றது. 1.45க்குத் தானாகத் தொடங்கியது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. டைப் அடிக்கும் குல்ஷனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"யாருமே தொடலீங்க சார். அவருதான் வராரு."

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பாய்லர் அறைப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் வெள்ளி தொழுகைக்குப் போகாமல் திரை முன்னால் உட்கார்ந்தேன். 12.50 ஆனது. ஒரு மணி ஆனது. எதுவும் நிற்கவில்லை.

"நீங்க இருந்தா வரமாட்டேங்கறாரு" என்றாள் குல்ஷன்.

தொழுகைக்குக் கிளம்பும்போது செய்வதுபோல, லாக்-அவுட் செய்து என் திரையிலிருந்து வெளியேறினேன். பிரிண்டர் கடகடத்தது. மணி புரோகிராம் பட்டியலில் இல்லை.

என் பெயரில் ஓடும் புரோகிராம், நான் வெளியேறினால் கூடவே செத்துவிடும். திரும்ப உள்ளே நுழைந்தால் தொடங்கும். மற்ற நாளெல்லாம் பாய்லர் அணைந்த பிறகே கிளம்புவேன். வெள்ளிக்கிழமை மட்டும்தான் நடுவில் போவேன், திரையை ஒழுங்காக மூடிவிட்டு.

காகிதத்தைக் கிழித்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

"அவரு தூங்கலீங்கம்மா. மணியே அடிக்கல. நிறுத்தினது நான்."

தீர்த்தம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவரு தூங்கலைனு எனக்குத் தெரியுங்க. எம்பொண்ணுதான் தூங்கிட்டாருன்னு நம்பிட்டா. பள்ளிக்கூடத்துல சொல்லிச் சொல்லி, இப்ப அப்பன் போட்டோவப் பாக்கவே மாட்டேங்கறா. வூட்டுக்கு வந்து அவகிட்டச் சொல்லுங்க."

என்ன வயது என்று கேட்டேன்.

"ஒம்போதுங்க" என்றார்.