ஞாயிறு வாசிக்க வேண்டிய சாட்சி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையின் போதகர் நிஷாந்த், பண்டாரவளையில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்கே வந்துவிட்டார்.

"வதனி டீச்சர், ஞாயித்துக்கெழம நன்றி ஆராதனையில வாசிக்க ஒரு சாட்சி எழுதித் தாங்க. விஜயலெட்சுமி அக்காவுக்குக் கோர்வையா எழுத வராது. நீங்க எழுதினா வாசிச்சிருவாங்க."

தலைப்பையும் அவரே வைத்திருந்தார்: 'அருகில் இருக்கும் ஆண்டவர்.'

சாட்சி என்றால், ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒருவர் சபை நடுவே எழுந்து நின்று சொல்வது. சொல்பவர் அழவேண்டும், கேட்பவர்கள் முடிவில் அல்லேலூயா சொல்லவேண்டும். முடிவு முன்கூட்டியே தெரிந்த வேலைதானே என்று ஒப்புக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

2

முதல் தொடக்கம்: "அன்று வானம் கண்ணீர் விட்டது." (தூக்கிப் போட்டேன். அந்த நவம்பர் மழையைப் பார்த்தவர்கள் கண்ணீர் என்று சொல்லமாட்டார்கள்.)

இரண்டாவது: "மலைகளைவிடப் பெரியவர் ஒருவர் நம்மோடு —" (மலை விழுந்துவிட்டதே. இதையும் விட்டுவிட்டேன்.)

மூன்றாவது, அலங்காரம் இல்லாமல்: விஜயலெட்சுமி கொழுந்து பறிப்பவள். ஆறு வீடுகள் ஒட்டிக்கிடந்த அவளுடைய லயத்துக்கு மழை அளக்கும் குழாய் ஒன்றையும் ஒரு விசிலையும் அதிகாரிகள் கொடுத்து, அவளையே பொறுப்பாகவும் போட்டிருந்தார்கள். குழாயில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் விசில் ஊதவேண்டும். லயத்தை விட்டு எல்லோரும் வெளியேறவேண்டும்.

3

அன்று வியாழக்கிழமை. மழையால் வேலை இல்லை. பகல் இரண்டு மணிக்கு அவள் பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. கணவர் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். இப்போதே கிளம்பிவிடலாமா என்று அவரிடம் கேட்டாள்.

"கோட்டத் தொடட்டும். நீ விசில ஊது, நான் நொண்டிக்கிட்டாச்சும் வந்திர்றேன். ஜெபத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத" என்றார். அவர் முனியாண்டியைக் கும்பிடுகிறவர்.

லயத்து மற்றவர்களில் சிலர் பண்டாரவளைக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் எதிர்மேட்டில், முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடமாக இருந்த பழைய பிள்ளைக் காம்பராவில் கூடும் சபையில் இருந்தார்கள். அவளும் போனாள். இடையில் ஓடிவந்து குழாயைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

அங்கே மழை நிற்க ஜெபித்தார்கள். முடிவில் போதகர் கைகளை உயர்த்தி, "பெற்றுக்கொண்டோம்!" என்றார். எல்லோரும் "பெற்றுக்கொண்டோம்!" என்றார்கள்.*

விஜயலெட்சுமி எழுந்து போகவில்லை. மூன்றரை மணிக்கு மலை சரிந்து லயத்தின்மேல் இறங்கியது. சபையில் இருந்த பதினொரு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கணவர் கடைசிவரை விசிலுக்காகக் காத்திருந்திருப்பார்.

[*கேட்டது கிடைத்துவிட்டதாகவே நன்றி சொல்வது அந்தச் சபையின் வழக்கம். சொன்ன பிறகு வெளியே போய், மழை நின்றதா என்று எட்டிப்பார்ப்பது அவிசுவாசம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும்.]

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு மனுஷி அப்படியே உட்கார்ந்திருப்பாளா? வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன்.

"மற்றவை என்ன நினைப்பினம் எண்ட பயத்திலயோ அக்கா போகேல்லை?"

"மொதல்ல அப்படித்தான் ஒக்காந்தேன், டீச்சர். அப்பறம் அவரு வந்தாரு. யேசப்பா. இந்தா, நீங்க இருக்கீங்களே, இம்புட்டுக் கிட்டத்துல. ஒண்ணும் பேசல. சும்மா பக்கத்துல இருந்தாரு. பொறந்ததிலேருந்து அப்படி ஒரு சந்தோசத்த நான் கண்டதில்ல. எந்திரிக்க மனசே வரல. இன்னுங் கொஞ்ச நேரம், இன்னுங் கொஞ்ச நேரம்னு இருந்துட்டேன்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"பொய்யா இருந்தா நல்லாருக்கும் டீச்சர். மெய்யாவே வந்தாரு. பக்கத்துலயே இருந்தவரு, எந்திரிச்சுப் போய்ப் பாருன்னு ஒரு வார்த்த சொல்லலியே. தூரத்துச் சாமின்னா, பாவம் தெரியாதுன்னு விட்டுறலாம்."

நான் சிறுவயது முதல் பண்டாரவளைக் கல்கோயிலில் முழந்தாளிட்டு வருகிறவள். ஒரு நாளும் அவர் என் பக்கத்தில் வந்து இருந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அந்த நிமிடம் எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. புருஷனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவள்மேல்.

5

முடிவு ஒன்று, போதகர் கேட்டபடி: "மற்றவர்கள் அழிந்தபோதும் ஆண்டவர் என்னைத் தம் கரத்தில் ஏந்திக் காத்தார்." மற்றவர்கள் என்றால் ஒரே ஒரு ஆள்தான். அதைப் போதகரிடம் சொன்னேன்.

"அவரு ரட்சிக்கப்படல டீச்சர், யேசப்பாவ ஏத்துக்காதவரு. அதப் பெருசா எழுதினா சபைக்கு ஆசீர்வாதமா இருக்காது" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. கெட்டவரல்ல. அன்று இருட்டும்வரை வெறுங்கையால் மண்ணை வாரியவர்.

முடிவு இரண்டு, என்னுடையது: "இழப்பின் நடுவிலும் அவருடைய அருகாமை நம் அறிவுக்கு எட்டாத அதிசயம்." நன்றாகத்தான் இருக்கிறது. இதனால் தப்பித்துக்கொள்வது நான் மட்டுமே.

முடிவு மூன்று: அவள் சபையைப் பார்த்து, "பக்கத்தில் இருந்தவர் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் —" (வேண்டாம். கேட்க ஆசைப்படுவது நான். வீடில்லாத அவள் இப்போது படுப்பதே அந்தச் சபையில்தான். கேட்டுவிட்டு எங்கே போவாள்?)

6

இன்று சனிக்கிழமை. முதல் இரண்டு முடிவுகளையும் தாளில் எழுதி எடுத்துப்போனேன். விரல் வைத்து இரண்டையும் வாசித்தாள்.

"எதுலயும் அவரு பேரு இல்லியே டீச்சர்."

இல்லை. ஒன்றில் 'மற்றவர்கள்'. இன்னொன்றில் 'இழப்பு'. நீங்கள் இவ்வளவு நேரமாக வாசித்ததிலும் 'கணவர்' மட்டும்தான். எனக்கு உறைக்கவில்லை. உங்களுக்கும் உறைத்திருக்காது.

"பேரைச் சொல்லுங்கோ அக்கா, எழுதிவிடுறன்."

"எப்புடிச் சொல்றது? இருவத்திமூணு வருசமா அத நான் வாயால சொன்னதில்லியே."

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று வளர்க்கப்பட்டவள். இனிக் குறைய என்ன இருக்கிறது?

"தாள்ல இருந்தா, வாசிக்கிற மாதிரி வாசிச்சிருவேன்" என்றாள்.

என் பேனையை வாங்கினாள். வெறுந்தாள் ஒன்றின் அடியில், எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினாள்: மாடசாமி.

"மேல உள்ளத நீங்க எழுதுங்க டீச்சர். இதுல வந்து முடியணும்."

நாளை காலை ஒன்பது மணிக்கு ஆராதனை. என்னால் எழுத முடியவில்லை. கடவுள் பக்கத்தில் வந்து இருந்தது உங்களில் யாருக்காவது நடந்திருந்தால், அந்த ஆள் எழுதட்டும். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். கடைசிச் சொல்லை மட்டும் மாற்றக்கூடாது.