மூன்றாவது செங்கல்

வீட்டை அளக்க ஆள் வரப்போகிறது என்று கேட்டதிலிருந்து பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் எங்கே வேண்டுமானாலும் அளந்துகொள்ளட்டும், சாமான் அறைப் பக்கம் மட்டும் யாரும் தலை காட்டக் கூடாது.

வீடு என்றால் சாதாரண வீடு இல்லை. நூற்றிருபது வயதாகிறது. வாசலுக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி, உள்ளே நீளக் கூடம், கூடத்தில் ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத மரத்தூண்கள். இத்தனை அழகுக்கும் நட்டநடுவே, வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ஒற்றைச் செங்கல்லில் ஒரு சுவர்! அண்ணனும் தம்பியும் ஆள் வைத்து எழுப்பியது. அண்ணன்தான் தினமும் கூடவே நின்று கொத்தனாரை விரட்டி வேலை வாங்கினார். வாசலின் இரட்டைக் கதவில் ஆளுக்கொரு கதவு. வண்ணக் கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. சிவப்பும் நீலமும் அண்ணனுக்கு, பச்சையும் மஞ்சளும் தம்பிக்கு.

சண்டை என்ன பெரிய சண்டை? அப்பா போன கையோடு, "அப்பாவுக்கு நீ என்னடா செஞ்ச?" என்று நாலு பேர் முன்னால் அண்ணன் கேட்டுவிட்டார். "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று தம்பி சொல்லிவிட்டார். அவ்வளவுதான், இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே வயிற்றில் பிறந்தால் வேறென்ன ஆகும்? "அந்த வீட்டு வாசலை மிதிச்சா இந்த வீட்டு வாசலை மிதிக்காதே" என்று இரண்டு பேரும் அவரவர் பெண்டாட்டியிடம் சொல்லிவைத்தார்கள். சொன்ன வார்த்தைகூட அச்சு அசல் ஒன்றேதான்.

வாசலைத்தானே மிதிக்கக் கூடாது? சுவர் எழும்பிய இரண்டாம் மாதம், சாமான் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெரியவள் சுவரில் சாய்ந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு செங்கல் ஆடியது. கரண்டிக் காம்பால் சுரண்டினாள். இரண்டு செங்கல், ஆடுகிற பால்பல் மாதிரி கையோடு வந்துவிட்டன. அந்தப் பக்கம் ஓரகத்தி சின்னவளின் சாமான் அறை. "அக்கா!" என்று ஒரு குரல். இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்தார்களா அழுதார்களா என்று அவர்களுக்கே தெரியாது.

அதற்கப்புறம் ஓட்டையை மறைக்க இந்தப் பக்கம் ஒரு தகரப் பெட்டி, அந்தப் பக்கம் ஒரு சாக்குத் திரை. கிண்ணம் போகும், கிண்ணம் வரும். மாத்திரை, ஊசி நூல், ஊர் வம்பு எல்லாம் அந்த வழிதான். சின்னவளுக்கு மகள் பிறந்த வாரம் பெட்டியை நகர்த்திப் பார்த்தால், மேலே இன்னொரு செங்கல்லையும் காணோம். ஓட்டை ஒரு முகம் தெரிகிற அளவுக்குப் பெரிதாகியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்போடு இதையும் செய்திருக்கிறாளே, கெட்டிக்காரி என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். அந்த வழியாக அவள் பார்த்த முதல் முகம் அந்தக் குழந்தையுடையது. பெரியவளுக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போன காலமெல்லாம், காலையில் சுவருக்கு முதுகு காட்டி உட்காரும். ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பெரியவள்தான் பின்னல் போட்டுவிடுவாள். இப்போது அந்த மகள் வேறு ஊரில் படிக்கிறாள். போன் பண்ணினால் முதல் கேள்வியே "பெரியம்மாகிட்ட குடும்மா" என்பதுதான். போனும் ஓட்டை வழியாகத்தான் வரும்.

நல்லவேளை, பெரியவளின் வீட்டுக்காரர் சோம்பேறி. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட சாமான் அறைக்குள் காலடி வைத்ததில்லை. உப்பு வேண்டுமென்றாலும் கூடத்திலிருந்தே கத்துவார். அவள் திட்டுவாள், உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்வாள்.

இப்போது கூரை ஒழுகுகிறது. பழைய வீடுகளைப் பட்டியல் எடுத்து நகராட்சியே பழுது பார்த்துத் தருகிறது. ஆனால் நகராட்சிக் கணக்கில் இது ஒரே வீடு. ஒரே வரைபடம், அதில் அண்ணன் தம்பி இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

அளக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கொண்டையில் பென்சில், கையில் நாடா. தூணைத் தட்டினாள், கண்ணாடியை எண்ணினாள். "இந்த வீட்டு மனுஷங்களைப் பத்தி ஏதாவது கதை இருந்தா சொல்லுங்க சார், பட்டியல்ல அதுக்கும் இடம் இருக்கு" என்றாள். "ஒரு கதையும் இல்லை" என்று பெரியவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவள் நேரே சாமான் அறைக்குப் போனாள். பெரியவள் பின்னாலேயே ஓடி, "அங்க வெறும் எலிப் புழுக்கைதான்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் பெட்டி நகர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்தா சாக்குத் திரை விலக வேண்டும்! சின்னவளின் முகம் எட்டிப் பார்த்தது.

"அக்கா, அந்தப் பொண்ணு போயிடுச்சா?"

"இன்னும் இல்லைங்க" என்றாள் அந்தப் பெண்.

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவள் வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்மா. இதை மட்டும் வரையாதே. தெரிஞ்சா அன்னைக்கே சிமென்ட் வச்சு அடைச்சிடுவாங்க. எனக்குன்னு இருக்கறது இந்த ஓட்டை ஒண்ணுதான்."

அந்தப் பெண் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கூரைக்கு முட்டு கொடுக்கும்போது இந்தச் சுவர் மேலயும் பாரம் வரும்மா. எங்க காலியா இருக்குன்னு தெரியாம ஏத்தினா, கீழே நிக்கற ஆளு தலையில விழும். வரையாம விட முடியாது." பிறகு குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். "யாரு கட்டினது இதை? சுவர் முழுக்க சிமென்ட், கீழ் ரெண்டு கல்லுக்கு மட்டும் வெறும் மண்ணு. மூணாவதை உளி வச்சு எடுத்திருக்காங்க."

பெரியவளுக்கு அது காதிலேயே விழவில்லை. குட்டு வெளிப்படப் போகிறது என்பது மட்டும்தான் விழுந்தது. அடுத்த நான்கு நாளும் அவள் சாப்பிட்டது பேருக்குத்தான். ஓட்டை வழியாக இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை அந்தப் பெண் வரைபடத்தோடு வந்தாள். யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகமாட்டார்களே! அதனால் இரட்டைக் கதவுக்கு முன்னால், தெருவிலேயே ஒரு மேசையைப் போட்டாள். இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி. அண்ணன் வடக்கே பார்த்தார், தம்பி தெற்கே பார்த்தார். அறுபதைத் தாண்டிய ஆம்பளைகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அழகை என்னவென்று சொல்ல. பெண்கள் ஆளுக்கொரு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். விரல் வாசலில் தொடங்கியது, கூடத்தைத் தாண்டியது, அடுக்களைக்கு வந்தது. சாமான் அறைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"இது தப்பு" என்றார்.

"அளவு சரிதான் சார். நானே எடுத்தது."

"என்ன சரி? ரெண்டு கல்லுக்குத்தான் மண்ணு வைக்கச் சொன்னேன். கொத்தனார் பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். மூணு எப்படி வந்துச்சு?"

தெருவில் போன சைக்கிள் மணிச் சத்தம்கூட பெரியவளுக்குத் தூரத்தில் கேட்டது. ரெண்டு கல்லுக்கு மண்ணு வைக்கச் சொன்னேன். அவர்தான் சொன்னாரா? இந்தக் கல்லுளிமங்கனா?

"உளி வச்சு எடுத்திருக்கு சார்" என்றாள் அந்தப் பெண். "உங்க வீட்டுப் பக்கமிருந்து இல்லை, அந்தப் பக்கமிருந்து."

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் தலையை வேகமாக ஆட்டினாள். "நான் எடுக்கலைக்கா. நீங்கதான் எடுத்தீங்கன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

தம்பி தெற்கே பார்த்தபடியே தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு வருஷம் கழித்து அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நான்தான் எடுத்தேன். ரெண்டு கல்லு வழியா குழந்தையோட கால்தான் தெரிஞ்சுது. அண்ணி அது முகத்தைப் பார்க்க வேணாமா?"

பெரியவளுக்குக் கண்ணில் பொங்கி வந்தது. அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாயில் வந்தது கோபம்தான்.

"நல்லா இருக்குங்க நியாயம்! ரெண்டு பேருக்கும் தெரியும்னா, அந்தத் தகரப் பெட்டியை தினம் ரெண்டு வேளை நகர்த்தி என் இடுப்பு போச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"அதனாலதானே நான் அந்த ரூம் பக்கமே வரலை" என்றார் பெரியவர், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே. "நான் வந்து பார்த்துட்டா அப்புறம் அடைக்கணும் இல்ல?"

கையெழுத்துப் போட்டார். பேனாவை மேசையில் வைக்காமல் தம்பி பக்கம் நீட்டினார். தம்பி வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச வேண்டுமே? ஊஹும். நாற்காலியை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு அவரவர் கதவு வழியாக உள்ளே போய்விட்டார்கள்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் பெரியவள் வழக்கம்போல சாமான் அறைக்குப் போனாள். பெட்டி ஏற்கெனவே நகர்ந்திருந்தது. தரையில் சம்மணம் போட்டு, ஓட்டைக்கு நேராகக் குனிந்து அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். வாசல் கதவு இரண்டும் விரியத் திறந்துதான் கிடந்தன.

"டேய், முட்டி வலிக்கு நீ என்ன மாத்திரை போடறே?"

"மாத்திரையெல்லாம் கெடக்கட்டும். முகத்தை இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டாண்ணே. சரியாத் தெரியலை."

பெரியவள் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பக்கம் சின்னவளும் காத்துக்கொண்டிருப்பது திரையின் அசைவில் தெரிந்தது.

"சீக்கிரம் பேசி முடிங்க" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்களுக்கும் பேச வேண்டியது இருக்கு."