பச்சைச் சட்டை போட்ட பேட்டரி

ஐந்தாவது கடையிலும் ஒல்லி தராசு கேட்டான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பேட்டரி வாங்க வந்தியா, நகை வாங்க வந்தியா?"

ஒல்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளில் இறங்கிச் சேறு அள்ளுவது அவன் வேலை. நெற்றியில் மாட்டும் விளக்கைக் கம்பெனி கொடுக்கும். அதற்குள் போடும் லித்தியம் பேட்டரி அவரவர் பாடு. நல்ல பேட்டரி யானை விலை, மலிவானதில் பாதி போலி. போலிக்குள் குட்டி பேட்டரி ஒன்றை வைத்து மிச்சத்தை மண்ணால் அடைத்திருப்பார்கள், அதனால் எடை குறையும், நாற்பத்தைந்து கிராம் இருந்தால் நம்பி வாங்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நாயாய் அலைகிறான். அவனிடம் இருந்த பேட்டரி போன வாரம் செத்துவிட்டது. நாளைக்கு இறங்க வேண்டிய தொட்டியோ மச்சான் விழுந்த அதே தொட்டி.

மச்சான் என்றால் தங்கையின் கணவன். உள்ளே இறங்கிவிட்டால் பாடிக்கொண்டே இருப்பான். தான் எந்த மூலையில் நிற்கிறான் என்பது மற்றவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக ஆரம்பித்த பழக்கம். நேரக் கணக்கும் அவனுக்குப் பாட்டில்தான். அன்று மூன்றாவது பாட்டின் நடுவில் விளக்கு அணைந்தது. கும்மிருட்டில் இரண்டு வரி தொடர்ந்து பாடினான், பிறகு தொட்டித் தரையில் இருக்கும் உள்குழியில் விழுந்த சத்தம். இடுப்பு எலும்பு முறிந்தது. பேட்டரியை விசாரணைக்கு அனுப்ப வேண்டும் என்று மேஸ்திரி அங்கேயே கழற்றி எடுத்துக்கொண்டார். சார்ஜ் போடாமல் இறங்கியது அவனுடைய கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக் கையை விரித்துவிட்டது. அவன் சார்ஜ் போட்டதைப் பார்க்கவில்லை என்று ஒல்லிதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கையெழுத்து அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

தராசு நாற்பத்தாறு காட்டியது. பளபளவென்று பச்சைச் சட்டை, கட்டுப்படியான விலை. ஒல்லி வாங்கிவிட்டான்.

எல்லாருடைய பேட்டரியும் கொட்டகையில் ஒரே பலகையில்தான் சார்ஜ் ஏறும், அதனால் ஆளுக்கொரு குறி உண்டு. மேலே எழுதினால் சேற்றில் அழிந்துவிடும். பிளாஸ்டிக் சட்டையின் விளிம்பைத் தூக்கி, உள்ளே இரும்பில் ஊசியால் கீறிவிட்டு ஒட்டிவிடுவார்கள். ஒல்லியின் குறி ஒற்றைக்கோடு. பஸ் வரும்வரை அதைக் கீறி முடித்துவிடலாம் என்று நிழற்குடையில் உட்கார்ந்து சட்டையின் விளிம்பை ஊசியால் தூக்கினான்.

உள்ளே ஏற்கெனவே ஒரு மீன் இருந்தது.

வால் கொஞ்சம் கோணல், கண்ணுக்கு ஒரு புள்ளி. அது மச்சானின் குறி.  பஸ் வந்ததும் போனதும் ஒல்லிக்குத் தெரியவில்லை.

திரும்பிப் போய், தான் தொட்டி வேலைக்காரன் என்று சொல்லிக் கேட்டபோது கடைக்காரர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"உங்க தொட்டி மேஸ்திரிதான் மூட்டையா கொண்டாந்து போடுறார். நாங்க சட்டை மாத்தி வைக்கிறோம். அவரே திரும்ப மொத்தமா வாங்கிட்டுப் போறதும் உண்டு."

"செத்துப்போன பேட்டரியையா?"

"செத்தா எடை குறையுமா தம்பி? நீதானே நிறுத்துப் பார்த்தே."

ஒல்லி நேரே தங்கை வீட்டுக்குப் போனான். கட்டிலில் கிடந்த மச்சானிடம் பேட்டரியை நீட்டினான். மச்சான் மீனை நகத்தால் தடவிப் பார்த்தான். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சார்ஜ் போடத் துப்பில்லாமல் குடும்பத்தையே படுக்க வைத்துவிட்டான் என்ற கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சார்ஜரில் போட்டார்கள். சாயங்காலம் பச்சை விளக்கு எரிந்தது, பேட்டரி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒல்லி அதை நெற்றி விளக்கில் போட்டு ஆணியில் மாட்டினான். கதவையும் ஜன்னலையும் சாத்தினான். வெளிச்சம் சுவரில் பளீரென்று விழுந்தது. யாரும் சொல்லாமலே மச்சான் பாட ஆரம்பித்தான், விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக. ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது பாட்டின் முதல் அடியிலேயே, ஒரு சிமிட்டல்கூட இல்லாமல், விளக்கு அணைந்தது.

மச்சான் பாட்டை நிறுத்தவில்லை. இரண்டு வரி பாடினான். பிறகு குரல் உடைந்துவிட்டது.

"பச்சை எரிஞ்சதைப் பாத்துட்டுத்தான் இறங்கினேன்னு சொன்னேன்ல," என்றான்.

தங்கை இருட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதது ஒல்லிக்குக் கேட்டது. கையெழுத்துப் போட்ட தன் வலது கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மீன் பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் கொட்டகைக்குப் போனான். எல்லாரிடமும் காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று இருந்தான். உள்ளே நுழைந்தவன் பலகையைப் பார்த்து நின்றுவிட்டான். மற்ற ஏழு பேருக்கும் மேஸ்திரி போன வாரம், ஒல்லியின் பேட்டரி சாவதற்கு முன்பே, மொத்தமாக மலிவில் வாங்கித் தந்த பேட்டரிகள் வரிசையாக இருந்தன. ஏழும் பச்சைச் சட்டை.

முதல் பேட்டரியைக் கழற்றி விளிம்பைத் தூக்கினான். அங்கே புதிதாகக் கீறிய குறி மட்டும்தான். மறுமுனை விளிம்பையும் தூக்கினான். அங்கே, வேலையை விட்டுப் போன ஒருவரின் பழைய குறி இருந்தது. இரண்டாவதின் மறுமுனையில் இருந்தது ஒற்றைக்கோடு. அவனுடைய கோடுதான். செத்த பேட்டரியைக் குப்பையில் போட்டால் தீப்பிடிக்கும் என்று மேஸ்திரி வாங்கி வைத்த கூடையில், போன மழைக்காலத்தில் அவன் கையாலேயே போட்டது.

வெளியே பேச்சுக்குரல்கள் கேட்டன. யாரோ எதற்கோ சிரித்தார்கள். தொட்டியின் மூடியை நகர்த்தும் இரும்புச் சத்தம் எழுந்தது.

"விளக்கை மாட்டிக்கிட்டு வாங்கப்பா, நேரமாச்சு," என்று மேஸ்திரி கூப்பிட்டார்.

ஒல்லி கையில் இரண்டு பேட்டரிகளோடு நின்றான். பலகையில் இருந்த மற்ற ஐந்துக்கும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.